வீட்டில் கட்டிய காரில் சிக்னல் விளக்கு வேலை செய்யாதபோது: பழுதைத் தேடும் ஒழுங்கு

கம்பனியிலிருந்து முழுதாக வந்த காரில் சிக்னல் விளக்கு நின்றுபோனால், வயர் போடப்பட்ட விதம் சரியானது என்று நம்பிக்கொண்டு, தேய்ந்துபோகும் இரண்டு மூன்று பாகங்களை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். பழைய சேசியின் (அடிச்சட்டத்தின்) மேல் நாமே உடல் கட்டி, ஒரு வாகனத்தின் ஸ்டியரிங் தண்டையும் இன்னொன்றின் பின்விளக்குகளையும் மூன்றாவதொன்றின் பியூஸ் பெட்டியையும் பொருத்திய காரில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அதற்கு வயரிங் வரைபடமும் கிடையாது. கராஜில் கொண்டுபோய் விட்டால் வயரிங் பாஸுக்கும் அது புதிய வாகனம்தான். அவர் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க, அவ்வளவுக்கும் பணம் கொடுப்பவர் நீங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்படியொரு காரை வைத்துக்கொண்டு நானும் நீண்ட நாள் அலைந்தவன் என்பதால், எந்த ஒழுங்கில் தேடினால் செலவு குறையும் என்பதை இங்கே எழுதுகிறேன். கீழே உள்ளவை அனைத்தும் 12 வோல்ட் பற்றரியும் எதிர்முனை எர்த்தும் கொண்ட வாகனங்களுக்கு, அதாவது பற்றரியின் எதிர்முனை (-) சேசியோடு இணைக்கப்பட்டு, மின்சாரம் அதன் வழியாகத் திரும்பும் வாகனங்களுக்கு உரியவை.

1. கடைக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டியவை

மலிவான டிஜிட்டல் மல்டிமீற்றர் ஒன்று, 12 வோல்ட் 21 வாட் பல்ப் ஒன்றுக்கு இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்துச் செய்த சோதனை விளக்கு ஒன்று, முதலைவாய்க் கிளிப் பூட்டிய ஐந்து மீற்றர் வயர் ஒன்று, நீர் அரத்தாள், பித்தளைத் தூரிகை ஆகியவை போதும். மீற்றர் வைத்திருந்தால் சோதனை விளக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மீற்றர் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்தே அளக்கிறது. பல இழைகளில் ஒன்றே ஒன்று மட்டும் அறுபடாமல் இருக்கும் வயரையும் அது நல்ல வயர் என்றே காட்டிவிடும். 21 வாட் பல்ப் ஏறத்தாழ 1.75 அம்பியர் இழுப்பதால், அந்த வயரின் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும். சோதனை விளக்கு மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள்.

பற்றரியை முதலில் அளந்துகொள்ளுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது 13.8 இலிருந்து 14.4 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது சிக்னல் சோர்ந்து, வேகம் கூட்டினால் சரியாகிவிடுகிறது என்றால் பழுது சார்ஜிங்கில் இருக்கிறது. அதைத் திருத்தாமல் இந்த வழிகாட்டியின் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

2. வரைபடம் வரையுங்கள்

இதைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை வரும். ஆனால் இந்த ஒரு மணி நேரம் பின்னால் பல நாட்களை மிச்சப்படுத்தும். பியூஸ் பெட்டியிலிருந்து ஹசார்ட் சுவிட்ச் (நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக மின்னவைப்பது), பிளாஷர் (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து விளக்கை மின்னவைக்கும் சிறு பெட்டி), ஸ்டியரிங் தண்டிலுள்ள சிக்னல் சுவிட்ச் வழியாக நான்கு மூலை விளக்குகள் வரை, எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்து ஒரு தாளில் வரையுங்கள். பழைய ஆங்கிலேய வாகனத்தின் வயர்த் தொகுதியைப் பயன்படுத்தியிருந்தால், இடது சிக்னலுக்குப் பச்சையில் சிவப்புக் கோடும், வலது சிக்னலுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடும், பிளாஷரிலிருந்து சுவிட்சுக்கு இளம்பச்சையில் மண்ணிறக் கோடும், எர்த்துக்குக் கறுப்பும் இருக்கும். டொயோட்டாத் தொகுதியில் வெள்ளையில் கறுப்புக் கோடு எர்த் வயர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொகுதிகளை ஒட்டிய காரில் கறுப்பு வயரெல்லாம் எர்த் என்று எண்ணி ஒன்றாகக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் சோதனை விளக்கால் உறுதிசெய்த பின்னரே தாளில் எழுதுங்கள்.

3. ஹசார்ட் சுவிட்சைப் போட்டுப் பழுதை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு நிமிடமும் பிடிக்காத, காசும் செலவாகாத சோதனை இது. இதன் விடையைப் பொறுத்துத்தான் அடுத்து எங்கே கைவைப்பது என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

ஹசார்ட் போட்டால் நான்கு விளக்குகளும் ஒழுங்காக மின்னுகின்றன, சிக்னல் மட்டும் இரு பக்கமும் இல்லை என்றால், பல்புகளும் அவற்றின் எர்த்தும் விளக்குவரை போகும் வயர்களும் நல்ல நிலையில் உள்ளன. இரண்டுக்கும் ஒரே பிளாஷர் என்றால் அதுவும் குற்றமற்றது. ஹசார்ட் பற்றரியிலிருந்து நேராக மின்சாரம் பெறுகிறது. சிக்னல் இக்னிஷன் சாவி வழியாகப் பெறுகிறது. ஆகவே இக்னிஷன் பக்கப் பியூஸையும், ஹசார்ட் சுவிட்சையும் பாருங்கள். ஜப்பானிய வாகனங்கள் பலவற்றில் சிக்னலுக்கான மின்சாரம் ஹசார்ட் சுவிட்சின் ஓய்வுத் தொடுமுனை (சுவிட்சை அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனை) வழியாகவே செல்கிறது. ஆண்டுக்கணக்கில் யாரும் அழுத்தாத அந்தச் சுவிட்சுக்குள் படிந்த ஆக்சைடு சிக்னலை நிறுத்திவிடும். சுவிட்சைப் பலமுறை அழுத்தி விடுவித்தவுடன் சிக்னல் வந்துவிட்டால் பழுதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஹசார்டில் நான்கும் மின்ன, சிக்னலில் ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் ஸ்டியரிங் தண்டின் சுவிட்சைச் சந்தேகியுங்கள். ஹசார்டிலும் சிக்னலிலும் அதே பக்கம் கெட்டிருந்தால் பழுது அந்தப் பக்கத்து பல்பிலோ வயரிலோ எர்த்திலோதான். இரண்டிலும் எதுவுமே இல்லையென்றால் பிளாஷரில் தொடங்குங்கள்.

4. மின்னும் வேகம் சொல்வதைக் கேளுங்கள்

சாதாரண வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை. ஐக்கிய நாடுகளின் வாகன ஒழுங்குவிதி வகுத்துள்ள எல்லையும் இதுவே. மின்னணுப் பிளாஷர் பூட்டிய காரில் ஒரு பக்கம் மட்டும் இருமடங்கு வேகத்தில் துடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் எரியவில்லை. வெப்பத்தால் வளையும் தகடு உள்ள பழைய இரண்டு முனைப் பிளாஷரில் இது தலைகீழாக நடக்கும்: மின்னோட்டம் குறைந்தால் தகடு போதிய சூடு பெறாது, விளக்கு மந்தமாக மின்னும், அல்லது மின்னாமல் எரிந்தபடியே நிற்கும். உங்கள் காரில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

5. பல்பும் ஹோல்டரும்

சிக்னலுக்கு உரியது ஒற்றை இழை 21 வாட் பல்ப். பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் வருவது இரட்டை இழை 21/5 வாட். இரட்டை இழைப் பல்பின் பக்க ஊசிகள் இரண்டும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் அது தவறாக ஏறக்கூடாது. ஆனாலும் தேய்ந்த ஹோல்டரில் பலவந்தமாகத் திருப்பி ஏற்றிய பல்புகளைப் பார்த்திருக்கிறேன். செம்மஞ்சள் நிறம் பூசிய பல்பின் ஊசிகள் நேரெதிராக அமையாமல் சற்று விலகியிருக்கும். வெள்ளைக் கண்ணாடி விளக்குக்கு அதுதான் வேண்டும், ஹோல்டரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

வாங்கும்போது பல்பின் கழுத்தைப் படியுங்கள். லொறிக்குரிய 24 வோல்ட் பல்ப் அதே உருவில் அதே தட்டில் கிடக்கும். நம் காரில் அது மங்கலாகத்தான் எரியும். மோட்டார் சைக்கிளுக்குரிய 10 வாட் பல்பும் அப்படித்தான்: அது எரியும், பிளாஷரின் கணக்கு மட்டும் பிழைத்துவிடும்.

ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் அரத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள். அடியிலுள்ள சுருள் தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றிவிடுங்கள். அதை வளைத்து வளைத்துச் சரிசெய்வது ஒரு மழைக்கும் தாங்காது.

6. எர்த்: பழுதில் பெரும்பங்கு இங்கேதான்

முந்தைய படிகளை வேகமாக முடித்துவிட்டாலும் இதற்கு அரை நாளை ஒதுக்குங்கள். கம்பனிக் காரில் உடல் முழுவதும் இரும்பு என்பதால், விளக்கை எங்கே பூட்டினாலும் மின்சாரம் பற்றரியின் எதிர்முனைக்குத் திரும்ப வழி உண்டு. நாம் கட்டிய காரில் அந்த வழி மூன்று இடங்களில் அறுபடுகிறது. பைபர் கிளாஸ் உடலிலோ மரச் சட்டத்திலோ மின்சாரம் பாயாது. இரும்பு உடலாக இருந்தாலும், சேசிக்கும் உடலுக்கும் நடுவே அதிர்வுக்காக வைத்த ரப்பர் இரண்டையும் பிரித்துவிடுகிறது. எல்லாம் இரும்பாகவே இருந்தாலும், போல்ட்டுக்கு அடியில் நாம் ஆசையாக அடித்த பெயின்ற் தடுத்துவிடுகிறது.

எர்த் இல்லாத விளக்கு வெறுமனே எரியாமல் இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. கூட்டுப் பின்விளக்கில் அது வேறு விதமாக ஏமாற்றும். சிக்னல், பிரேக், பின்விளக்கு மூன்றுக்கும் ஒரே எர்த் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அறுந்தால், சிக்னல் இழையைக் கடந்த மின்சாரம் திரும்ப வழியின்றிப் பின்விளக்கின் இழைக்குள் ஏறி, அங்கிருந்து மறுபக்கப் பின்விளக்கு வழியாக எர்த்தைத் தேடிக்கொள்ளும். அதனால் சிக்னல் போட்டால் பின்விளக்கு மங்கலாகத் துடிக்கும். பிரேக் மிதித்தால் சிக்னல் இலேசாக ஒளிரும். முன்விளக்கைப் போட்டவுடன் சிக்னலின் வேகம் மாறும். தொடர்பில்லாத இரண்டு விளக்குகள் ஒன்றையொன்று பாதிப்பதைக் கண்டால் சுவிட்சையோ பிளாஷரையோ தொடாமல் நேராக எர்த்துக்கு வாருங்கள்.

சோதிக்கும் முறை இது. ஐந்து மீற்றர் வயரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையில் கௌவவிட்டு, மறுமுனையைப் பல்ப் ஹோல்டரின் உலோக உடலில் தொடுங்கள். விளக்கு உடனே சரியாக எரிந்தால் பழுது எர்த்தில். அடுத்து, அளவாகவும் தெரிந்துகொள்ளலாம். பிளாஷரைக் கழற்றி, அதன் சொக்கற்றில் மின்சாரம் வரும் முனையையும் போகும் முனையையும் சிறு வயரால் இணைத்தால், சிக்னல் மின்னாமல் நிலையாக எரியும். அந்த நிலையில் மீற்றரின் சிவப்பை ஹோல்டர் உடலிலும் கறுப்பைப் பற்றரியின் எதிர்முனையிலும் வையுங்கள். 0.1 வோல்ட் அளவில் காட்டினால் நல்லது, 0.2 ஐத் தாண்டினால் சுத்தம் செய்ய வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் எர்த் இல்லை என்றே கொள்ளலாம்.

நிரந்தரத் தீர்வு, உடலை நம்பாமல் ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் போடுவதுதான். நான்கு மூலைகளிலிருந்தும் 1 சதுர மில்லிமீற்றர் வயரைக் கொண்டுவந்து, முன்னே ஓர் இடத்திலும் பின்னே ஓர் இடத்திலும் சேர்த்து, அங்கிருந்து தடித்த வயரால் சேசியின் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் வளைய முனையோடு போல்ட் போட்டு இறுக்கி, இறுக்கிய பின்னரே மேலே பெயின்றோ கிறீஸோ பூசுங்கள். பூசிவிட்டு இறுக்குவது கூடாது. பற்றரி எதிர்முனையிலிருந்து சேசிக்குப் போகும் பட்டையையும் அப்போதே கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். இந்த வேலை முழுவதற்கும் ஆகும் வயர், முனைகளின் செலவு ஒரு பழைய சிக்னல் சுவிட்சின் விலையை எட்டாது.

கல்லடியிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ பொத்துவிலிலோ கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உப்புக்காற்று வெட்டிய வயர் முனையிலிருந்து உறைக்குள் உள்நோக்கி ஏறும். வெளியே நல்லதாகத் தெரியும் வயரின் உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்திருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். ஒரு சாண் நீளம் போயும் தெரியாவிட்டால் அந்த வயரை முழுதாக மாற்றுவதே மலிவு. அம்பாறை உட்பகுதியில் உப்புக் குறைவு. அங்கே வயல் வீதிப் புழுதிதான் மழைநீரோடு சேர்ந்து விளக்குக் கிண்ணத்துக்குள் சேறாகப் படியும். கிண்ணத்தின் அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. பிளாஷர்

முந்தைய படியில் சொன்னபடி இரண்டு முனைகளையும் வயரால் இணைத்தபோது விளக்குகள் எரிந்து, பிளாஷரைப் போட்டால் எரியவில்லை என்றால் பிளாஷரை மாற்றுங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் மேல் எழுதியிருக்கும் சுமையையும் குறித்துக்கொள்ளுங்கள்: இரண்டு 21 வாட் பல்புகளும் பக்கவாட்டில் ஒரு 5 வாட் பல்பும் இருந்தால் ஒரு பக்கத்துக்கு 47 வாட், ஏறத்தாழ 4 அம்பியர். மோட்டார் சைக்கிள் பிளாஷர் இரண்டு 10 வாட் பல்புகளுக்காகச் செய்யப்பட்டது. விலை குறைவு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

மூன்று முனைப் பிளாஷரில் இன்னொரு பொறி உண்டு. ஐரோப்பிய வகையில் 49 மின்சாரம் வரும் முனை, 49ஏ விளக்குக்குப் போகும் முனை, 31 எர்த். ஜப்பானிய வகையில் அவற்றுக்கு பி, எல், ஈ என்று குறியிட்டிருப்பார்கள். முனைகள் அமைந்த ஒழுங்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சொக்கற்றில் அழகாகப் பொருந்திவிட்டது என்பதற்காக முனைகளும் பொருந்திவிட்டன என்று கொள்ளாதீர்கள். எழுத்தைப் பார்த்து, தேவையானால் சொக்கற்றில் வயர்களை இடம் மாற்றுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிய பியூஸ் போடுவதோ சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதோ தீர்வல்ல. நான்கு 21 வாட் பல்புகளும் ஹசார்டில் சேர்ந்து எரிந்தாலும் 7 அம்பியர்தான். 10 அம்பியர் பியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் உரசிச் சேசியில் தொடுகிறது. பெற்றோல் குழாய்க்கு அருகே ஓடும் வயர் சூடாவது விளையாட்டல்ல.

8. ஸ்டியரிங் தண்டின் சுவிட்ச்

கழற்றுமுன் பற்றரியின் எதிர்முனையை எடுத்துவிடுங்கள். முனைகள் வெளியே தெரிந்ததும் பற்றரியை மீண்டும் இணைத்து, சுவிட்சுக்கு மின்சாரம் வரும் முனையிலும், இடது, வலது முனைகளிலும் சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். தொடுமுனைத் துப்புரவாக்கித் தெளிப்பான் கொண்டு பெரும்பாலானவற்றை மீட்கலாம். திரும்பிய பிறகு சிக்னல் தானாக நிற்கவில்லை என்றால் அது மின்பழுது அல்ல; வேறு ஸ்டியரிங் சக்கரம் பூட்டியபோது அதன் பின்புறமுள்ள சிறு மேடு சுவிட்சின் தள்ளுமுனைக்கு நேரே வராமல் போயிருக்கும். சக்கரங்களை நேராக வைத்து அந்த மேட்டின் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால், இந்தப் பட்டியலில் விலை கூடிய பாகம் இதுதான். பழைய ஜப்பானியப் பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தையை நாட வேண்டிவரலாம். நேரில் போகுமுன், சுவிட்சின் படத்தையும் பின்புற முனைகளின் படத்தையும் கடைக்கு அனுப்பிக் கேளுங்கள். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டால் மறுநாள் காலை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மின்சாரப் பொருளைத் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பது பொதுவான வழக்கம் என்பதால் பணம் அனுப்புமுன் அதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் வாங்குவதானால், வெள்ளி நண்பகலில் காத்தான்குடி, கல்முனைக் கடைகள் பல ஜும்ஆவுக்காகப் பூட்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து நேரத்தைத் திட்டமிடுங்கள்.

9. எல்ஈடி போட்டிருந்தால்

எல்ஈடி மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுப்பதால், பல்ப் போய்விட்டது என்று பிளாஷர் எண்ணிக்கொள்கிறது. இதற்கு எர்த் முனையுள்ள எல்ஈடிப் பிளாஷர் ஒன்றைப் பூட்டுவதே சரி. பக்கத்துக்கு 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரைப் பூட்டுவோரும் உண்டு. எரியும் நேரத்தில் அது 30 வாட்டுக்கு மேல் சூடாக வெளிவிடும். பைபர் கிளாஸில் அதைப் பூட்டவே கூடாது.

எல்ஈடி போட்ட பிறகு எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் மின்னுகிறதா? டாஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் ஒரே அடையாள பல்ப் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வாகனங்களில் அது இடது வயருக்கும் வலது வயருக்கும் இடையே பூட்டப்பட்டிருக்கும். இடது மின்னும்போது வலது பக்கத்துப் பல்புகள் வழியாக அது எர்த்தைப் பெறும். அங்கே எல்ஈடி இருந்தால், அந்தச் சிறு மின்னோட்டமே அவற்றை எரிக்கப் போதும். வானொலி திருத்தும் கடையில் 1என்4007 டயோட் இரண்டை வாங்கி, ஒன்றை இடது வயரிலிருந்தும் மற்றதை வலது வயரிலிருந்தும் கொண்டுவந்து, வெள்ளிக் கோடுள்ள முனைகளைச் சேர்த்து அடையாள பல்புக்குக் கொடுத்து, பல்பின் மறுமுனையை எர்த் செய்யுங்கள். மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை இது. இதற்காக முழு வயரிங்கையும் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

10. இணைப்புகளும் நேரமும்

முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளை எல்லாம் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். முனைகளை உரிய இடுக்கியால் அழுத்திப் பூட்டி, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். ஹோல்டருக்குள் சிறிது வாஸ்லின் பூசினால் களிம்பு தாமதமாகும். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன், அதாவது ஒக்டோபருக்குள், இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. ஈரத்தில் வரும் பழுது காய்ந்ததும் மறைந்துவிடும். அப்படிப்பட்டதைத் தேடுவதைப் போல் எரிச்சலூட்டும் வேலை வேறில்லை.

11. ஆவணங்கள்

புகைப் பரிசோதனையில் தேறியிருப்பது சிக்னல் விளக்குக்குச் சான்று ஆகாது. அங்கே அளப்பது புகையை மட்டும். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் கொண்டு பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டாலும், வீதியில் பொலிஸார் மறித்தால் விளக்கு எரிய வேண்டும். உடல் அமைப்பையோ எஞ்சினையோ மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏற வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள், இல்லாவிட்டால் விபத்தின்போது இழப்பீட்டில் சிக்கல் வரும். மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் கொண்டுபோகுமுன், முன்னும் பின்னும் செம்மஞ்சள் நிறத்தில் மின்னுவதையும், நண்பகல் வெயிலில் சில மீற்றர் தள்ளி நின்று பார்த்தாலும் தெளிவாகத் தெரிவதையும் உறுதிசெய்யுங்கள்.

நீங்கள் வரைந்த வயரிங் படத்தைத் திருத்தி எழுதி, பிரதியொன்றைப் பிளாஸ்டிக் உறையிட்டு, 21 வாட் பல்ப் இரண்டு, 10 அம்பியர் பியூஸ் சில, பிளாஷர் ஒன்று ஆகியவற்றோடு காரிலேயே வையுங்கள். வழியில் சிக்னல் நின்றுவிட்டால் பகலில் கையால் சைகை காட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். இரவில் அதை நம்பாமல் ஓரமாக நிறுத்தி, ஹசார்ட் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.